எல்லாச் சாவியும் ஒரே ரயிலில்

பிள்ளைகளே, உங்களில் பாதிப் பேருக்குத் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். என் மகளும் அப்படித்தான். அதனால் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதப் பார்க்கிறேன். நானும் எட்டாம் வகுப்போடு நின்றவன். பெரிய வாக்கியம் எனக்கும் கைவராது.

இது ஒரு பூனையைப் பற்றியது. தாராவியில் எங்கள் சந்தில் இருந்தது. சாம்பல் நிறம், வயிறு மட்டும் வெள்ளை. அதற்கு நாலு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பேர் வைத்துக் கூப்பிட்டார்கள். அந்தப் பேர்களை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் எந்தப் பேர் சரி என்று சந்தில் மறுபடியும் சண்டை வரும்.

முதல் வீடு இட்லி அண்ணாச்சியுடையது. விடியுமுன் இட்லி அவித்து, சைக்கிளில் பாத்திரத்தைக் கட்டி, மாட்டுங்கா பக்கம் கொண்டுபோய் விற்கிறவர். மாவு ஆட்டி முடித்த பிறகு கிரைண்டர் சூடாக இருக்கும். பூனை அதை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். அண்ணாச்சி வீட்டு மதினி அதைத் திட்டிக்கொண்டே பாலை ஆற்றி, விரலை விட்டுச் சூடு பார்த்து, பிறகுதான் கிண்ணத்தைத் தரையில் வைப்பார்.

இரண்டாவது எங்கள் வீடு. நான் கிங்ஸ் சர்க்கிளில் ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் போடுகிறேன். என் கையில் எந்நேரமும் பெருங்காய வாடை இருக்கும். பூனை என் கையை மோந்து பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு என் மகளிடம் போய்விடும். அவள் தட்டில் இருக்கும் தயிர்ச்சோற்றில் பாதி அதற்குத்தான்.

மூன்றாவது வீட்டில் இஸ்திரி போடுகிறவர் ஒருத்தர், தனி ஆள். எங்களுக்குச் சொந்தம் இல்லை, ஊர்க்காரர். நான் சித்தப்பா என்பேன், என் மகள் தாத்தா என்பாள். பகல் முழுக்கச் சந்து முனையில் இஸ்திரி வண்டியில் நிற்பார். தேய்த்து அடுக்கிய துணி மேல் பூனை ஏறிப் படுத்தால், “ஏய், இது ஆபீசர் சட்டை. ஒன் முடி ஒட்டிக்கிட்டுன்னா அவரு என்னையத்தான் தேய்ப்பாரு” என்பார். ஆனால் விரட்டமாட்டார். பூனை எழுந்து போகிறவரை வேறு துணியைத் தேய்ப்பார்.

நாலாவது, ஆட்டோ ஓட்டுகிற தம்பி வீடு. அவன் மனைவி மீன் வாங்கும்போதெல்லாம் தலையையும் வாலையும் தனியாகக் கேட்டு வாங்கிவிடுவாள். மத்தியானமானால் பூனை அங்கேதான்.

எங்கள் நாலு வீடும் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. நாலுக்கும் ஒரே தகரக் கூரை. எங்கள் சுவரும் சித்தப்பா வீட்டுச் சுவரும் சேரும் இடத்தில் தகரம் கொஞ்சம் தூக்கிக்கொண்டு ஒரு இடுக்கு இருந்தது. பூனை அதில் நுழைந்தால் எங்கள் பரணுக்கும் வரலாம், சித்தப்பாவின் பரணுக்கும் போகலாம்.

இப்போது எங்கள் ஆட்களின் இரண்டு வழக்கங்களைச் சொல்லவேண்டும். சொன்னால்தான் நடந்தது உங்களுக்குப் புரியும்.

ஒன்று, தாட்பத்ரி. மழைக்கு முன்னால் கூரை மேல் விரித்துக் கட்டுகிறோமே, அந்த நீலத் தார்ப்பாய். மே மாதம் ஊருக்குப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்பே அதைக் கட்டிவிட்டுப் போவார்கள். திரும்புவதற்குள் மழை பிடித்துக்கொண்டால் வீட்டுக்குள் கப்பல் விடலாம். நாங்கள் நாலு வீட்டுக்கும் சேர்த்து ஒரே நீளமாக வாங்கிக் கட்டுவோம்.

இரண்டாவது, சாவி. ஊருக்குப் போகிறவர் மாற்றுச் சாவியை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார். தண்ணீர் புகுந்தாலும், கரண்ட் வயர் புகைந்தாலும் யாராவது திறந்து பார்க்கவேண்டுமே. என் சாவி அண்ணாச்சியிடம் போகும். அண்ணாச்சி சாவி சித்தப்பாவிடம், சித்தப்பா சாவி ஆட்டோ தம்பியிடம், தம்பி சாவி என்னிடம். யார் எப்போது போனாலும் இப்படித்தான். பழகிப்போன கை, தானாகச் சாவியை நீட்டும்.

அந்த வருஷம் ஊரில் அம்மன் கோவிலைப் புதுசாக எடுத்துக் கட்டிக் கொடைத் திருவிழா வைத்திருந்தார்கள். எல்லாரும் வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நாலு வீடும் சேர்ந்தே டிக்கெட் போட்டோம். கிளம்புகிற அன்று மத்தியானம் அண்ணாச்சியும் தம்பியும் நானும் கூரையில் தாட்பத்ரியைக் கட்டினோம். ஓரங்களில் பழைய டயரையும் கல்லையும் வைத்தோம். அந்த இடுக்கு வழியாக வருஷா வருஷம் ஒழுகுகிறது என்று அண்ணாச்சி அதில் சாக்கைத் திணித்து, மேலே தாட்பத்ரியை இழுத்து இறுக்கினார். பிறகு குளித்தோம், பூட்டினோம், சாவிகளைக் கைமாற்றினோம், ஆட்டோவில் ஏறினோம்.

பூனைக்கு வயிறு பெருத்திருந்ததும், பிறகு ஒருநாள் வற்றியிருந்ததும் நாலு வீட்டுக்கும் தெரியும். ஆனால் குட்டி எங்கே என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. மீன் கிடைக்கிற வீட்டில் போட்டிருக்கும் என்று நாங்கள் நினைத்தோம். சின்னப்பிள்ளை இருக்கிற வீட்டில் போட்டிருக்கும் என்று மதினி நினைத்தார். கிரைண்டர் பக்கம் கதகதப்பாக இருக்குமே என்று தம்பியின் மனைவி நினைத்தாள். சித்தப்பா வீட்டை யாருமே நினைக்கவில்லை.

ரயில் கிளம்பியது, நாலு வீட்டுக்கும் வேறு வேறு பெட்டியில் இடம். மறுநாள் காலை ராய்ச்சூர் நெருங்கும்போது ஆட்டோ தம்பி போனைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் பெட்டிக்கு வந்தான்.

“அண்ணே, பாய் போன் பண்ணுதாரு. நம்ம பூன தாட்பத்ரி மேல கெடந்து கத்துதாம். ராத்திரி பூரா ஒறங்க விடல்லங்காரு.”

பாய் என்பவர் எதிர்ச் சந்தில் மாடி அறையில் சேலைக்கு ஜரிகை வேலை செய்கிறவர். அவர் ஜன்னலில் இருந்து பார்த்தால் எங்கள் கூரை தெரியும். தம்பி அவர் சரக்கை ஆட்டோவில் ஏற்றிப்போவான், அந்தப் பழக்கம். எனக்கு அவரோடு தலையாட்டுகிற பழக்கம் மட்டும்தான்.

வீடியோவில் நீலமாகத் தாட்பத்ரி தெரிந்தது. அதன் மேல் பூனை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியது, நின்று பிறாண்டியது, மறுபடி ஓடியது. என் மனைவி போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“ஏங்க, அது பசிச்சுக் கத்தல. மடியப் பாருங்க, பாலு கட்டிக் கெடக்கு. குட்டி உள்ள இருக்கு.”

மே மாதம், தகரக் கூரை, மேலே தாட்பத்ரி, காற்றுப் போக வழியில்லை. உள்ளே கண் திறக்காத குட்டிகள்.

என் மகள் கேட்டாள், “யார் வீட்டுலப்பா?”

அதுதான் தெரியவில்லை. நானும் தம்பியும் பெட்டி பெட்டியாக நடந்து எல்லாரையும் அண்ணாச்சியின் இருக்கைக்குக் கூட்டிவந்தோம்.

“ஒங்க வீட்டுப் பரண்ல தானே போட்டிருக்கு?” என்றார் மதினி என் மனைவியிடம்.

“எங்க வீட்டுலயா? ஒங்க அரிசி மூட்டப் பக்கம்னுல்லா நான் நெனச்சேன்!”

“சரி, சாவி யார்ட்ட கொடுத்திருக்கோமோ, அவிய தெறந்து பாக்கட்டும்” என்றார் அண்ணாச்சி. சொல்லி முடித்ததும் அவர் கை தானாகவே சட்டைப் பைக்குப் போனது. என் வீட்டுச் சாவியை வெளியே எடுத்தார். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் தம்பியின் சாவியை எடுத்தேன். தம்பியின் மனைவி மணிபர்சைத் திறந்து சித்தப்பாவின் சாவியை எடுத்தாள். சித்தப்பா இடுப்பில் கட்டியிருந்த துணிப்பையை அவிழ்த்து அண்ணாச்சியின் சாவியை எடுத்துப் பலகை மேல் வைத்தார்.

“நல்லாருக்குவே” என்றார் அண்ணாச்சி. “வீட்டுக்குக் காவலு இங்கன ஒக்காந்து பூரி திங்குது.”

தம்பியின் மனைவி மட்டும் சிரிக்கப் போய் வாயை மூடிக்கொண்டாள்.

பாயை நாலு கதவிலும் காதை வைத்துக் கேட்கச் சொன்னோம். பாவம், அவர் வேலையைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்தார். என் வீட்டில் சத்தம் இல்லை என்றார். அண்ணாச்சி வீட்டிலும் இல்லை, தம்பி வீட்டிலும் இல்லை. சித்தப்பா வீட்டுக் கதவில் காதை வைத்தார். போனையும் வைத்தார். வண்டிச் சத்தத்தில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. “இங்கேதான், மேலேயிருந்து வருகிறது, ரொம்ப மெதுவாக” என்று அவர் இந்தியில் சொன்னார்.

தாட்பத்ரியைக் கீறிவிடலாம் என்றேன். பாய் மறுத்துவிட்டார். தகரம் பழசு, ஆள் ஏறினால் உடையும்; ஜன்னலில் இருந்து கம்பு எட்டவில்லை என்றார். பூட்டை உடைத்தால்தான் உண்டு. ஆனால் வீட்டுக்காரர் வாயால் சொல்லவேண்டும். “சந்தே காலியாகக் கிடக்கிறது. நான் சுத்தியலை எடுத்தால் என்னைத் திருடன் என்று அடிப்பார்கள்” என்றார்.

எல்லாரும் சித்தப்பாவைப் பார்த்தோம்.

“பூட்ட ஒடைக்கவா? வெளையாடுதியளா?” என்றார் அவர். “உள்ள ஊரான் வீட்டுத் துணி கெடக்கு. வாங்கிட்டுப் போவாதது பூரா பரண்லதான் மூட்ட கட்டி வச்சிருக்கேன். பட்டுச்சேல கெடக்கு. ஒண்ணு கொறஞ்சா நான் எங்கன போயி நிக்க?”

“பாய் வேற பூட்டு போட்டிருவாரு சித்தப்பா” என்றேன்.

“போடுவாரு. சாவி யாரு கையில இருக்கும்?”

அவர் கேட்டதில் தப்பு இல்லை.

அண்ணாச்சிக்குத்தான் கோபம் வந்தது. “நேத்து வரைக்கும் எம் பூன எம் பூனன்னு சட்ட மேல படுக்க விட்டீரு. இன்னைக்கு ஊரான் பூனையாயிட்டோ?”

“நீரு பாலு ஊத்தல? ஒம்ம பூட்ட ஒடைக்கச் சொல்லும்வே.”

“எங்க வீட்டுல சத்தம் இல்லங்காருல்லா!”

“அப்பம் பேசாம இரும். சாக்கத் திணிச்சது நீரு.”

அண்ணாச்சியின் முகம் சுண்டிப்போனது. மதினி அவர் தோளைத் தொட்டு, “விடுங்க” என்றார். எல்லாரும் அவரவர் இடத்துக்குப் போனார்கள்.

நான் வாசல் பக்கம் நின்று போன் போட்டுக்கொண்டே இருந்தேன். மிருகங்களைக் காப்பாற்றுகிறவர்களின் நம்பர் ஒன்றைத் தம்பி தேடிக் கொடுத்தான். பூட்டிய வீட்டை வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் திறக்கமுடியாது என்றார்கள். கடையில் என்னோடு வேலை செய்கிறவரைக் கேட்டேன். கடை அடைத்த பிறகு வேண்டுமானால் போகிறேன் என்றார். போய் அவர் மட்டும் என்ன செய்வார்? இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்றும் நினைத்தேன். எந்த வண்டியில் ஏறினாலும் மறுநாள்தான் போய்ச் சேருவேன். வண்டியோ எங்களைத் தாராவியில் இருந்து இன்னும் இன்னும் தூரமாகக் கொண்டுபோய்க்கொண்டே இருந்தது. சும்மா உட்கார்ந்திருப்பது அவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பிள்ளையைக் காணோமே என்று தேடிப்போனால், என் மகள் சித்தப்பாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தாத்தா, உள்ள ஃபேன் இருக்கா?”

“ஃபேனா? இருக்கு. சுச்ச அணச்சுட்டுல்லா வந்திருக்கேன்.”

“ஜன்னல்?”

“அடைச்சாச்சு.”

“அப்போ குட்டிக்கு வேர்க்குமா தாத்தா?”

சித்தப்பா வெளியே பார்த்தார். வெளியே ஒன்றும் இல்லை, வெயில் மட்டும்தான். அந்தப் பெட்டியில் மூன்று ஃபேன் ஓடியும் சட்டை முதுகில் ஒட்டியது. அவர் என்னிடம் திரும்பி, “ஒம் மகள அங்கிட்டு கூட்டிட்டுப் போப்பா” என்றார். குரல் கோபமாக இல்லை, கெஞ்சுவது போல இருந்தது. நான் அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

குண்டக்கல்லில் வண்டி நின்றது. சித்தப்பா சாப்பாடு வாங்கவில்லை. தண்ணீர் பிடித்துக் குடித்தார். பிறகு என் பெட்டி ஜன்னலுக்கு வந்து கையை நீட்டினார்.

“போனக் குடு.”

பாயை வீடியோவில் கூப்பிட்டுக் கொடுத்தேன். இத்தனை வருஷம் பம்பாயில் இருந்தும் சித்தப்பாவுக்கு இந்தி துணிக்கணக்குக்கு மட்டும்தான் வரும். “பாய், தாலா தோட் தோ” என்றார். பூட்டை உடைத்துவிடு என்று அர்த்தம். பிறகு தமிழிலேயே, “மேல மூட்ட இருக்கும். பாத்து எடுங்க. குட்டிய மிதிச்சிராதீங்க” என்றார். பட்டுச்சேலையைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை.

பாய் சுத்தியலோடு கீழே வந்தார். அதற்குள் முனைக் கடைக்காரரும் இன்னும் நாலைந்து பேரும் கூடிவிட்டார்கள். பாய் போனை அவர்கள் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டி, “பாருங்கள், வீட்டுக்காரரே பேசுகிறார்” என்றார். சித்தப்பா பிளாட்பாரத்தில் நின்று போனுக்குள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். வண்டி ஊதியது. போனை ஜன்னல் வழியாக என்னிடம் கொடுத்துவிட்டு ஓடி ஏறினார். பாய் போனைக் கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டுச் சுத்தியலை ஓங்கினார். அந்த நேரம் பார்த்து நெட்வொர்க் போய்விட்டது.

ஓங்கிய கையோடு பாயின் படம் அப்படியே உறைந்து நின்றது. என் மகள் அந்தப் போனை மடியில் வைத்துக்கொண்டாள். திரை அணையும்போதெல்லாம் தொட்டு எழுப்பினாள்.

கடப்பா பக்கம் வந்த பிறகுதான் போனில் லைன் திரும்பக் கிடைத்தது. பாய் சொன்னதை உங்களுக்கு மறைக்காமல் எழுதுகிறேன்.

பரணில் துணிமூட்டைகளுக்கு நடுவே மூன்று குட்டி இருந்ததாம். கதவைத் திறந்ததும் பூனை அவர் காலுக்கு இடையில் புகுந்து பரணுக்குத் தாவியதாம். இரண்டு குட்டி உடனே மடியைத் தேடிப் பிடித்துக்கொண்டது. ஒன்று அசையவில்லை. பூனை அதை நக்கிக்கொண்டே இருந்ததாம். அப்புறம் அசைகிற இரண்டையும் ஒவ்வொன்றாகக் கவ்வித் தூக்கிக்கொண்டு, சந்தைக் கடந்து, எதிர்ப்பக்கக் கூரைகளுக்குப் போய்விட்டது. திரும்ப வரும் என்று பாய் கதவைத் திறந்துவைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறார். ஒரு தடவை வந்ததாம். அந்த மூன்றாவது குட்டியை வாசல் வரைக்கும் தூக்கிவந்து, கீழே வைத்துவிட்டு, அப்படியே போய்விட்டதாம். பாய் அதை ஒரு ஜரிகைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்ப் புதைத்தார். தன் பட்டறைப் பூட்டைக் கழற்றிவந்து சித்தப்பாவின் கதவில் மாட்டிவிட்டுப் போனார்.

நான் போய்ச் சித்தப்பாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். “காலையிலயே சொல்லிருந்தா பொழைச்சிருக்குமோ?” என்றார்.

“தெரியல சித்தப்பா. பாய்க்கும் தெரியலையாம்.”



கொடை நன்றாகத்தான் நடந்தது. என் மகள் ராட்டினத்தில் ஏறமாட்டேன் என்றுவிட்டாள்.

நாங்கள் திரும்பும்போது மழை பிடித்துவிட்டது. சித்தப்பா வீட்டில் ஒரு துணியும் குறையவில்லை. மதினி கிண்ணத்தில் பால் வைத்தார். தம்பியின் மனைவி மீன்தலை வைத்தாள். பூனை வரவில்லை. எல்லாருமே கதவைத் திறந்துதான் வைத்திருந்தோம். என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாசலில் நின்று நாங்கள் வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிடுவாள். பிறகு மற்ற வீட்டுப் பேர்களையும் சொல்லிப் பார்ப்பாள்.

மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் சித்தப்பாவும் அண்ணாச்சியும் பாயின் பட்டறைக்குப் போனோம். மகளும் வந்தாள். பூட்டைத் திருப்பிக் கொடுத்தோம். ஊர் அல்வாவும் கொடுத்தோம். பாய் டீ வரவழைத்தார். மகள் ஜன்னலுக்குப் போனவள், “அப்பா!” என்றாள்.

பாயின் வரிசையிலேயே நாலைந்து கூரை தள்ளி, ஒரு மாடி வராந்தாவில் படிக்கட்டு. அதன் அடியில் பூனை படுத்திருந்தது. இரண்டு குட்டிகள் அதன் வாலைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தன. ஒரு அம்மா தட்டில் எதையோ பிசைந்து கொண்டுவந்து வைத்தார். ஏதோ ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டார். எங்கள் நாலு வீட்டில் வைத்த பேர்களில் அது இல்லை. பூனை எழுந்து போய்த் தின்றது.

என் மகள் நாங்கள் வைத்த பேரை உரக்கக் கூப்பிட்டாள். பூனை தலையைத் தூக்கி எங்கள் பக்கம் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு மறுபடி தட்டில் வாய் வைத்தது.

அந்த அம்மா நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். ஜன்னலில் இத்தனை தலையைக் கண்டதும் அவருக்குச் சந்தேகம். கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, “உங்கள் பூனையா?” என்று இந்தியில் கேட்டார்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா கொஞ்ச நேரம் பதிலுக்கு நின்றார். பிறகு குட்டிகள் மாடி ஓரத்தில் இருந்து விழுந்துவிடாமல் இருக்க அவற்றைச் சேலை முந்தானையில் அள்ளிக்கொண்டு உள்ளே போனார். பூனையும் அவர் பின்னாலேயே போனது.